கீழ்ப்பாதி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு நான் செய்ததை அந்தக் கோபத்தில்தான் செய்தேன். அதற்காக வருத்தப்படவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் மேம்பாலத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது அந்த எக்ஸ்ரே சென்டர். பழைய வீட்டின் கீழ்த்தளம். மாடியில் டாக்டர் சீனிவாசராகவன் குடியிருக்கிறார். சந்தாபுராவிலிருந்து மழையில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டரை மணி. மேகம் கவிந்து, உள்ளே எல்லா விளக்கும் எரிந்தும் நடைவழி இருட்டாகவே இருந்தது.

"எக்ஸ்ரே படம் பாதிதான் வந்து சேர்றது. நெட்வொர்க்ல ஏதோ கோளாறு, பாரும்மா" என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். கணினி, நெட்வொர்க் ரிப்பேர்தான் என் தொழில். எக்ஸ்ரே அறையில் ஒரு கணினி, எதிரே டாக்டர் அறையில் ஒரு கணினி, நடுவில் ஒரு கேபிள். எடுத்த படம் இந்தப் பக்கம் வர வேண்டும். இங்கிருந்து ஜெயநகரில் இருக்கும் வேறொரு டாக்டருக்குப் போகும். ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர்தான்.

டாக்டர் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படம் எடுக்கும் பெண் வீணா, கீழே அவர் அறைக் கணினி முன்னால் எனக்கு நாற்காலி போட்டாள். படத்தை அனுப்பி வாங்குகிற புரோகிராமைத் திறந்தேன். பைத்தான் மொழியில் நாற்பது வரி. டாக்டரின் அக்கா மகன் எழுதியதாம். எங்கிருந்து சுட்டானோ, அது கேபிள் இணைப்பு வழியாக ஒரே ஒரு தடவை கை நீட்டி, வந்ததை வாங்கி, அதுதான் முழுப்படம் என்று சேமித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறது. நெட்வொர்க்கில் படம் துண்டு துண்டாகத்தான் வரும். குழாயடியில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியும், குடம் நிறைகிற வரை எடுக்கக் கூடாதென்று.

"எத்தன நாளா இந்தக் கூத்து?"

"ரெண்டு வருஷமா மேடம். தினமும் இல்ல. லைன் டல்லா இருந்தா பாதிதான் வரும்."

"பாதி வந்தா என்ன பண்ணுவ?"

வீணா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கீழ்ப்பாதி கருப்பா இருக்கும். அசிங்கமா இருக்கு, கட் பண்ணி அனுப்புன்னு டாக்டர் சொல்வாரு. கட் பண்ணி அனுப்பிடுவேன்."

"இன்னொரு தடவ அனுப்ப வேண்டியதுதானே?"

"புரோகிராம நிறுத்தி மொதல்லேர்ந்து போடணும். வெளிய ஜனம் நிக்குது, அட்ஜஸ்ட் பண்ணுன்னு கத்துவாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனுஷனுடைய நெஞ்சில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைப் பார்த்து நோய் இல்லை என்று எழுத வைத்திருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். முதலில் படத்தின் அளவைச் சொல்ல வேண்டும். பிறகு படம். அளவு முழுசாகச் சேரும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சேர்ந்தால் நிறுத்த வேண்டும். இருபது நிமிட வேலை.

ஆள் இல்லாமல் வெறும் பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வீணா அனுப்பிவிட்டு, எக்ஸ்ரே அறையை மூடிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். பதினெட்டு லட்சத்துச் சொச்சம் பைட். திரையில் எண்ணிக்கை ஏறி, சரியாக அந்த அளவைத் தொட்டது.

நிற்கவில்லை.

பத்தொன்பது லட்சம். இருபது. என் புரோகிராமில்தான் தப்பு என்று என்னையே திட்டிக்கொண்டு கேபிளைப் பிடுங்கினேன். அந்தக் கணினியில் வைஃபை கிடையாது.

இருபத்தொன்று. இருபத்திரண்டு.

பிடுங்கிய கேபிள் என் கையில் இருந்தது.

அப்போதுதான் வாடை வந்தது. பிளீச்சிங் பவுடரும் சாக்கடைச் சேறும் கலந்த வாடை. எக்ஸ்ரே அறையின் கனத்த ஈயக் கதவு மூடியிருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு சத்தம். முனகல் இல்லை, அழுகை இல்லை. வாயை இறுக மூடி மூச்சை அடக்கினால் தொண்டைக்குள் ஒரு முட்டல் வருமே, அந்தச் சத்தம்.

"உள்ள யாரு?"

"யாரும் இல்ல மேடம். இன்னைக்கு லீவு."

எண்ணிக்கை நின்றது. அதிகமாக வந்ததைத் தனியாகச் சேமித்துத் திறந்தேன். ஒரு நெஞ்சின் கீழ்ப்பாதி. விலா எலும்புகள். இரண்டு பக்கமும் அடியில் வெள்ளையாக ஏதோ தேங்கி நின்றது. நடுவில் தாலிக்கயிற்றில் கோத்த மூன்று ஊக்குகள் பளிச்சென்று தெரிந்தன.

வீணா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முத்தம்மா. ஊக்க கழட்டுங்கன்னேன், முடியாதுன்னாங்க."

"எந்த முத்தம்மா?"

"ரோடு பெருக்கற வேலை மேடம். மூச்சு வாங்குதுன்னு ஏப்ரல்ல வந்தாங்க. படம் பாதிதான் வந்துச்சு. கட் பண்ணி அனுப்புனேன். நார்மல்னு ரிப்போர்ட். ஒம்பதாவது நாள் செத்துட்டாங்க." அழ ஆரம்பித்தாள். "நுரையீரல்ல தண்ணி இருந்தா அடியிலதானே மேடம் தங்கும்?"

அழுகையோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. "மூச்ச இழுங்க, அடக்குங்கன்னு சொன்னேன். பட்டன அழுத்துனேன். படம் பாதிதான் வந்திருக்குன்னு இங்கேர்ந்து டாக்டர் கத்துனாரு. ஓடி வந்துட்டேன். விடுங்கன்னு சொல்லவே இல்ல."

டாக்டர் ஈரக் கையைத் துடைத்தபடி படியிறங்கி வந்தார். திரையைப் பார்த்தார். ஊக்குகளைப் பார்த்தார். அவருக்கும் அடையாளம் தெரிந்தது. முகத்திலேயே தெரிந்தது.

"இது எப்படி வந்தது? அன்னிக்கே அழிக்கச் சொன்னேனே. டெலீட் பண்ணு."

"இத ஜெயநகர் டாக்டருக்கு அனுப்புங்க. முழுசா ரிப்போர்ட் எழுதட்டும்" என்றேன்.

"போனவளுக்கு ரிப்போர்ட் எதுக்கும்மா? உன் வேலை நெட்வொர்க். அதை மட்டும் பாரு."

அவரே மவுஸைப் பிடுங்கி அழித்தார். எண்ணிக்கை மறுபடி ஓடியது. படம் வந்தது. அழித்தார். வந்தது. ஸ்விட்சை அணைத்தார். அறை இருண்டது.

திரை மட்டும் அணையவில்லை.

ஈயக் கதவுக்குப் பின்னால், இறுகிய தொண்டையிலிருந்து ஒரு கிசுகிசுப்பு.

"விடலாமா?"

டாக்டர் நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார். இழுத்தது இழுத்தபடி நின்றது. கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. மேஜையைத் தட்டினார். வெளியே விட முடியவில்லை.

விடச் சொல்ல வீணா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மொதல்ல படம் போகட்டும்" என்றேன் டாக்டரிடம். "அனுப்பலாமா? தலையாட்டுங்க."

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. முகம் நீலம் பாரித்து, கண்ணில் நீர் வழிய, அவர் தலையாட்டினார். திரையை என் போனில் படமெடுத்து, மேஜையில் ஒட்டியிருந்த ஜெயநகர் டாக்டரின் நம்பருக்கு முத்தம்மா என்ற பெயர் போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் வீணாவின் கையை விட்டேன்.

அவள் ஈயக் கதவில் நெற்றியை வைத்தாள்.

"விடுங்கம்மா. எடுத்தாச்சு. மூச்ச விடுங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் நீளமாக, ஈரமாக, ஒரு மூச்சு வெளியேறியது. அவ்வளவு நீளமான மூச்சை நான் கேட்டதில்லை. இங்கே டாக்டர் இருமிக்கொண்டு நாற்காலியில் விழுந்தார்.

முக்கால் மணி நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. இரண்டு பக்கமும் நுரையீரலின் அடியில் நீர், உடனே அட்மிட் செய்யவும் என்று எழுதியிருந்தார் ஜெயநகர் டாக்டர். அவருக்கு முத்தம்மா இறந்தது தெரியாது. ஸ்விட்சைப் போட்டு, பிரிண்ட் எடுத்து டாக்டர் சீனிவாசராகவன் கையில் கொடுத்தேன்.

"அவங்க வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய்க் குடுக்கணும். என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லணும்."

அவருக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு கேஸ்தானே. நான் பேசி முடிச்சுக்கறேன்."

திரையில் எண்ணிக்கை மறுபடி ஓட ஆரம்பித்தது.

வேறொரு கீழ்ப்பாதி மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. இதில் ஊக்கு இல்லை. எலும்புகள் மெல்லியவை, சின்னவை. நெஞ்சு முழுவதும் என் உள்ளங்கைக்குள் அடங்கும் போலிருந்தது.

டாக்டர் மூச்சை இழுத்தார். அப்படியே நின்றார். இரண்டு கையாலும் வீணாவைக் கூப்பிட்டார்.

வீணா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை.