எலுமிச்சை பிழிந்த தலைவர்

“குகைக்குள்ள யாரும் இல்ல. மெஷினே சொல்லிடுச்சு. மூட்டை கட்டுங்க!” என்றார் டாக்டர் சிங்காரவடிவேல்.

தேடுதல் குழுவின் தலைவர் அவர். தலையில் விளக்குத் தொப்பி, இடுப்பில் கயிறு, காலில் புத்தம்புது பூட்ஸ். அந்த பூட்ஸ் குகை வாசலைத் தாண்டி ஓரடி கூட உள்ளே போகவில்லை. கல்வராயன் மலையின் ஏழுமடைக் குகைக்குள் நவமணி காணாமல் போய் இரண்டு நாளாகிறது. பாறை ஆராய்ச்சிக்காகத் தனியாக உள்ளே போனவள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு மழை பெய்தால், வாசல் வழியாக உள்ளே பாயும் ஓடை குகையைக் கூரைவரை நிரப்பிவிடும்.

“எங்கக்கா உள்ளதானுங்க இருக்குது! நான் வர மாட்டனுங்க!” என்று கத்தினான் செங்கோட்டுவேல்.

“தம்பி, இது விஞ்ஞானம். உணர்ச்சிவசப்படாதீங்க” என்றார் தலைவர். விஞ்ஞானத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு, சம்பந்தி வீட்டு உறவு போல. விசேஷத்துக்கு விசேஷம் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அந்த ‘மெஷினை’ உருவாக்கியவள், குழுவோடு வந்திருந்த ரெஜினா. ஒரு கேன் நிறைய கிராஃபீன் துகள்கள், அதாவது முடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் தகடுகள். அவற்றோடு, ஆய்வுக்கூடத்தில் பழக்கிய பாக்டீரியா. ஓடையில் ஊற்றினால் இரண்டும் குகை நெடுகப் போய்ப் பாறையில் ஒட்டிக்கொள்ளும். மனித வியர்வை கலந்த நீர் பட்டதும் பாக்டீரியா ஒரு ரசாயனத்தைக் கக்கும். பக்கத்துத் துகள் அதை மின்துடிப்பாக்கி அடுத்த துகளுக்குத் தள்ளும், அது அதற்கடுத்ததற்கு. கடைசியில் வாசலில் உள்ள பெட்டியில் விளக்கு எரியும்; வாசலுக்கு ஒன்று, குகையின் ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று.

காலையில் கேனை ஊற்றினார்கள். விளக்கு எரியவே இல்லை.

ரெஜினா எழுந்து போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓடையில் கையை விட்டாள். வியர்த்து ஒழுகும் கை. அப்போதும் விளக்கு எரியவில்லை!

“வேலு, பக்கத்துல இருக்குற என்னையே இதுக்குத் தெரியல. உள்ள இருக்குற அக்காவை எப்படித் தெரியும்?” என்றவள், காலிக் கேனை எடுத்து முகர்ந்தாள். அவள் முகம் மாறியது. “சார், இதுல என்ன ஊத்துனீங்க?”

“திருஷ்டி கழிச்சேம்மா. புது மெஷினாச்சே!” என்றார் தலைவர் பெருமையாக. பூசணிக்காயை உடைத்தார், சரி. கற்பூரம் காட்டினார், அதுவும் சரி. அத்தோடு நின்றிருக்கலாம். ஊரெல்லாம் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைக்கும். இந்த மேதாவி ஆறு பழத்தைக் கேனுக்குள்ளேயே பிழிந்திருந்தார்.

“புளிப்புல எல்லாம் செத்துப் போச்சு சார்!”

“கிருமிதானேம்மா? செத்தா நல்லதுதானே?”

வேலுவுக்குக் கை துறுதுறுத்தது. ரெஜினா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். “இவரை அப்புறம் பாத்துக்கலாம். துகள் எல்லாம் பாறையில ஒட்டித்தான் இருக்கு. பாக்டீரியா மட்டும் போதும்.”

எந்தச் சோதனைக்கும் இருப்பு முழுவதையும் கொட்டமாட்டார்கள் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். உறைமோர் எடுத்துவைப்பது போலக் கொஞ்சம் நிறுத்திவைப்பார்கள். மலைக்குளிரில் அது வாடக் கூடாதென்று ரெஜினா ஒரு சின்னக் குடுவையில் போட்டு இடுப்பில் கட்டியிருந்தாள். அதை அப்படியே ஓடையில் கவிழ்த்தாள்.

முதல் தூறல் விழுந்தது. வேலு பெட்டியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ரெஜினா மறுபடி கையை நனைத்தாள். வாசல் விளக்கு எரிந்தது! கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். அது அணைந்தது. நெடுநேரம் கழித்து, இடது கிளையின் விளக்கு தானாகவே மினுக்கியது.

“இடதுபக்கம்! வாங்க!” என்று கத்தினான் வேலு.

அவனும் ரெஜினாவும் உள்ளே பாய்ந்தார்கள். ஓடை முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு ஏறியது! குறுகிய பிளவுக்குள் வேலு தோளை நுழைத்துத் திணறினான். “அக்கா!”

“கத்தாதடா, காது வலிக்குது” என்றது ஒரு குரல்.

ஓடை நீர் எட்டித் தொடும் மேல்திட்டில் கால் உடைந்து கிடந்தாள் நவமணி. வேலு அழுதுகொண்டே அவளைக் கயிற்றில் கட்டினான். ரெஜினா முன்னால் இழுக்க, அவன் பின்னால் தாங்க, வெள்ளம் பிளவை மூடுவதற்குள் மூவரும் வெளியே வந்து விழுந்தார்கள்!

வாசலில் தலைவர் டிவிக்காரர்களுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். “நவமணியின் தியாகத்தை இந்த நாடு…”

“சார், நான் தியாகமெல்லாம் பண்ணலீங்க. காலுதான் ஒடஞ்சுது” என்றாள் நவமணி.

காமிராக்கள் திரும்பின. பதில் வரவில்லை என்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, கேட்கிற காதுக்கு உயிர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதைத் தலைவருக்குச் சொல்லிப் பயனில்லை என்பதால் ரெஜினா சொல்லவில்லை.

“ஒரு முனையைப் புடிங்க சார்” என்று ஸ்ட்ரெச்சரைக் காட்டினான் வேலு. தலைவர் உடனே பிடித்தார். போட்டோ எடுத்து முடிக்கும்வரை பிடித்திருந்தார்.