சக்கரம் பார்க்கிற பக்கம்

பழைய சக்கரங்கள் விற்கிற கொட்டகைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது, பெய்யலாமா வேண்டாமா என்று மழை யோசித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. ரப்பரும் ஈரத் துருவும் கலந்த வாடை. கூரை வரை அடுக்கிய ரிம்களின் ஓட்டைகள் வழியாகக் காற்று ஊதிக்கொண்டிருந்தது.

காரைத் தரையோடு தரையாக இறக்கி, பெரிய அலாய் வீலும் மெல்லிசான டயரும் மாட்டியவன் அவன். வண்டி நாணயத்தின் மேல் ஏறினால் தலையா பூவா என்று முதுகெலும்பே சொல்லிவிடும். வேலைக்கும் கடைக்கும் அதே வண்டிதான். இப்போது மனைவிக்கு நிறைமாதம். போன முறை கரு தங்கவில்லை.

"இந்த வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குன்னா, நான் நடந்தே போய்ப் பெத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அதனால் அவளுடைய அண்ணனையும் அழைத்து வந்திருந்தான். மச்சானுக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கிற வேலை. அவர் ஒரு மூலையிலிருந்து நாலு சின்ன ரிம்களை உருட்டி வந்தார். தடித்த டயர். ஒன்றை அச்சில் மாட்டிச் சுழற்றினார். நூல் பிடித்த மாதிரி ஓடியது.

"கோணலே இல்ல மாப்ளே. உன் வண்டிக்குன்னே வார்த்த மாதிரி இருக்கு."

"அடிபட்ட வண்டியோடதா?" என்று கடைக்காரரைக் கேட்டான்.

"வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல" என்றார் கடைக்காரர், வாசலைப் பார்த்தபடி.

கார்ப் பைத்தியங்கள் வண்டியைப் பற்றி மட்டும்தான் விசாரிப்பார்கள். உள்ளே இருந்தவர்களைப் பற்றி இருவருமே கேட்கவில்லை.

மாட்டியதும் வண்டி வெண்ணெயாக ஓடியது. வேகத்தடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியை ஒரு சுற்று அழைத்துப் போனான். அவள் பின்சீட்டில் சாய்ந்தாள்.

"யாரோ கையில தாங்கிட்டுப் போற மாதிரி இருக்குங்க" என்றபடியே தூங்கிப்போனாள்.

இவன் கூட்டத்துக்கு ஒரு சடங்கு உண்டு. புதுச் சக்கரம் மாட்டினால் ஸ்டீயரிங்கை ஒடித்து, முன்சக்கரம் கேமராவைப் பார்க்கும்படி படமெடுக்க வேண்டும். வீட்டு வாசலில் அப்படியே நிறுத்தினான். பூட்டினான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தான்.

சக்கரம் கேமராவைப் பார்க்கவில்லை.

மனைவி இறங்கிப்போய் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தது.

ஸ்டீயரிங் பூட்டு சரியில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். அவள் எழுந்து, வயிற்றைப் பிடித்தபடி, துணிக்கொடி பக்கமாக நடந்தாள்.

கரக்... கரக்... டயருக்கடியில் மணல் நெரிந்தது.

சக்கரம் அவள் பின்னாலேயே திரும்பியது.

மச்சானுக்குப் போன் செய்தான். "இதை இன்னிக்கே கழட்டணும் மச்சான்."

"ஏன், உரசுதா?"

"பாக்குது."

"மாப்ளே, பயப்பட வேண்டியது என் தங்கச்சி. நீ ஏன் உளர்றே?"

"ஏங்க!" என்று கொடியடியிலிருந்து குரல் வந்தது. வலி எடுத்துவிட்டது.

வேறு வண்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. ஏற்றினான். தெருமுனை வரை கார் ஒழுங்காகப் போனது. ஆஸ்பத்திரிக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கம் ஊருக்கு வெளியே போகிற காலியான பாதை.

ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுத்தது.

இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தொங்கினான். அசையவில்லை. கண்ணாடியில் பார்த்தான். வலியில் துடிக்க வேண்டியவள் தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டில் சிரிப்பு.

"எழுந்திரு! தூங்காதே!"

"சத்தம் போடாதீங்க" என்று கண்ணை மூடியபடியே முணுமுணுத்தாள். "பாப்பாவை அவங்க பாத்துக்கறாங்களாம்."

பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, கைபிரேக்கையும் இழுத்தான். கார் உறுமி நின்றது. அவளை அள்ளிக்கொண்டு நடுரோட்டில் இறங்கி, எதிரே வந்த வாடகைக் காரை மறித்தான். அதில் ஏறிய நொடியில் அவள் கண் விழித்து அலறினாள். அந்த அலறலைக் கேட்டு இத்தனை நிம்மதி அடைந்த கணவன் வேறு யாரும் இருக்க முடியாது.

பெண் குழந்தை. தாயும் நலம். மச்சானே நேரில் போய், நாலு சக்கரத்தையும் கழற்றிக் கொட்டகையில் வீசிவிட்டு வந்தார்.

சாயங்காலம் வாடகைக் கார் ஓட்டுநர் வார்டுக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். வண்டியை நேராத்தான் நிறுத்திப் பூட்டினேன். நீங்க யாராவது ஸ்டீயரிங்கைத் தொட்டீங்களா?"

மனைவி தூங்கினாள். குழந்தை அழவில்லை. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, தெரிந்தவர்களைப் பார்த்த மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவன் எழுந்து போய்த் திரையை விலக்கினான்.

கீழே வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. வாடகைக் கார், டாக்டர்களின் கார்கள், ஓரத்தில் ஆம்புலன்ஸ். எதிலும் ஆள் இல்லை.

அத்தனை முன்சக்கரங்களும் அந்த ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன.