கடைசிக் கிருமி இறங்கும் வரை

குருவியின் அம்மா நகரப் பேருந்து ஓட்டுநர். எவ்வளவு குறுகலான வளைவாக இருந்தாலும் அலட்டாமல் திருப்பிவிடுவார். அன்று காலையோ கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

மகள் குருவி அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது.

“ஒண்ணுமில்லடி. சீட்ல உக்காந்து உக்காந்து வந்த வலி.”

“சீட்ல உக்காந்தா குளிர் நடுக்குமா? கிளம்பும்மா, டாக்டர்கிட்ட போலாம்.”

டாக்டர் அம்மாவின் முதுகில், விலா எலும்புக்குக் கீழே லேசாகத் தட்டினார். அம்மா துடித்துப்போனார்.

“தண்ணி நல்லா குடிக்கறீங்களா?”

“குடிக்கறேனே.”

“இல்ல டாக்டர்,” என்றாள் குருவி. “பாத்ரூம் வந்துடும்னு வண்டி ஓட்டும்போது குடிக்கவே மாட்டாங்க. வந்தாலும் டிப்போ போற வரைக்கும் அடக்கிப்பாங்க.”

அம்மா முறைத்தார். டாக்டர் நாற்காலியைக் குருவியின் பக்கம் திருப்பிக்கொண்டார். “இனிமே எல்லாத்தையும் உன்கிட்டயே கேக்கறேன்.”

சிறுநீரைச் சோதித்ததில் கிருமி இருந்தது.

“சிறுநீர்ப்பையில இருந்த கிருமி மேல ஏறி சிறுநீரகத்துக்குப் போயிருக்கு. மாத்திரைக்குக் கேக்கும். ஆனா பத்து நாளும் போடணும். காய்ச்சல் விட்டுச்சேன்னு நிறுத்திடக் கூடாது,” என்றார் டாக்டர்.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அம்மா மாத்திரை அட்டையைத் தூக்கி அலமாரியில் வைத்தார். “மிச்சம் இன்னொரு தடவைக்கு ஆகும்.”

“ஏம்மா, பாதிப் பேர் இறங்கினதும் வண்டியை டிப்போவுக்குத் திருப்பிடுவியா?”

“அதெப்படி? கடைசி ஆள் இறங்க வேணாமா?”

“கிருமியும் கடைசி ஆள் வரைக்கும் இறங்கணும்ல?”

அம்மா அலமாரியிலிருந்து அட்டையை எடுத்தார். வாயைத் திறந்தார். மாத்திரை உள்ளே போனது.

அன்று மாலை குருவி, பேருந்தின் கடைசி நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தையல் கடைக்குப் போனாள்.

“அக்கா, எங்கம்மா வண்டியை நிறுத்தும்போது உங்க கடை பாத்ரூமுக்கு வந்துட்டுப் போகலாமா?”

“இதுக்குப் போயி இப்படித் தயங்கறியே. நான் தினமும் வர்றதே அவங்க வண்டியிலதான். தாராளமா வரச் சொல்லு,” என்றார் தையல்கார அக்கா.

பத்து நாள் மாத்திரையும் முடிந்தது. மறுபடி சோதித்தபோது கிருமி இல்லை.

அம்மா வேலைக்குத் திரும்பிய நாளில் குருவியும் பேருந்தில் வந்தாள்.

“உடம்பு தேவலையா? யாரு வைத்தியம்?” என்று கேட்டார் நடத்துநர்.

“மருந்து எழுதினது டாக்டர். முழுசா முடிக்க வச்சது முன் சீட்ல உக்காந்திருக்காளே, என் பொண்ணு, அவ,” என்றார் அம்மா, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

குருவி வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது இரண்டும் மட்டும் பேருந்துக்குள்ளேயே இருந்தன.