பன்னிரண்டு மணி வரை பூஜ்யம்

"நாலு மணிக்குள்ள இதுல கையெழுத்துப் போடணும்னு சொல்றாங்கம்மா."

காகிதத்தை நீட்டியவள், மாநாட்டு மண்டபத்தில் தரை துடைப்பவள். அங்கேயே ஏ.சி. மெக்கானிக்காக இருந்த அவள் கணவர், குளிர்காற்றைத் தள்ளும் பெரிய விசிறியான ப்ளோயருக்குள் சிக்கி இறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மெயின் சுவிட்சில் பூட்டுப் போட மறந்ததால், தன் கவனக்குறைவாலேயே அவர் இறந்தார் என்று அதில் அச்சடித்திருந்தது.

"பூட்டுப் போடாம ஒருநாளும் உள்ள கை வச்சதில்லம்மா அவரு. செத்தவர் வந்து பேசவா போறாருன்னு அவர் தலையிலயே கட்டுறாங்க. நாளைக்கு என் பொண்ணு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் கட்டடப் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவருடைய கொழுந்தன் பைக்கை வாசலில் உறுமவிட்டிருந்தான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரிதான் எப்போதும் அவன்.

மண்டபத்தின் கண்ட்ரோல் ரூமில் மேனேஜர் விதியை ஒப்பித்தார். வேலைக்கு இறங்குபவர் சுவிட்சை அணைத்து, தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வெளியே வந்து திறக்கும்வரை யாரும் தொடக்கூடாது. இறந்தவரின் சாவி சட்டைப் பையில் இருந்தது. பூட்டோ கருவிப் பைக்குள் கிடந்தது. மாற்றுச் சாவி ஒன்றுதான், அது மேனேஜரின் மேசை அறையில்.

"வேலை நடக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார் ப்ளோயர்களை இயக்கும் ஆபரேட்டர். "ப்ளோயர் நின்னிருந்துச்சு. சுவிட்சுல பூட்டும் இல்ல. பத்து இருபதுக்குப் போட்டேன்."

கொழுந்தன் ரெஜிஸ்டரின் நகலைப் பார்த்துத் துள்ளினான். ஒவ்வொரு ப்ளோயரும் இழுக்கும் மின்னோட்ட அளவை மணிக்கு மணி குறிக்கும் ரெஜிஸ்டர் அது. "அண்ணி! அன்னைக்குக் காலைல பத்து நாப்பதுக்கே போலீஸ் இதை எடுத்துட்டுப் போயிருக்காங்க. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எழுதியிருக்கே!"

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். "காலைல ஏழு மணிக்கே மொத்தமா எழுதி வச்சிடுவோங்க. எல்லாரும் செய்யறதுதான்."

"செய்யறதுதான்" என்றார் அம்மாள். "எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதே கூத்து." கொழுந்தனின் முகம் தொங்கிப்போயிற்று.

அம்மாள் நகலை மேசைமேல் வைத்தார். "தினமும் எல்லாக் கட்டத்துலயும் நாப்பத்திரண்டு எழுதறீங்க. அன்னைக்கு மட்டும் அவர் இறங்கின மூணாவது ப்ளோயருக்கு ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் பூஜ்யம். ஒரு மணியில இருந்து மறுபடி நாப்பத்திரண்டு. பன்னெண்டு வரைக்கும் அது ஓடாதுன்னு ஏழு மணிக்கே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஆபரேட்டர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரே சொல்லிட்டுத்தான் இறங்கியிருக்கார். உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சே போட்டீங்கன்னா அதுக்குப் பேர் கொலை. இல்ல, அவர் வெளிய வந்துட்டார்னு யாராவது சொல்லியிருக்கணும். எது?"

"ஐயோ, கொலையெல்லாம் இல்லம்மா!" ஆபரேட்டரின் கை மேனேஜர் பக்கம் நீண்டது. "இவர்தான் மாத்துச் சாவி கொண்டுவந்து பூட்டைக் கழட்டினாரு. அவன் முடிச்சிட்டுப் போயிட்டான், போடுன்னாரு. அப்புறம் அந்தப் பூட்டைப் பையில போட்டவரும் இவர்தான். வாயத் திறந்தா வேலை போயிடும்னாரு."

வழியெல்லாம் இதை ஒரு விடுகதை போல நினைத்துக்கொண்டு வந்த தன்மேலேயே கொழுந்தனுக்கு வெறுப்பு வந்தது.

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். "கூட்டம் முழுக்க வேர்க்குது, புழுங்குதுன்னு கத்துச்சு. மேடையிலருந்து ஆள் மேல ஆள் அனுப்பறாங்க. அவன் டீ குடிக்கப் போயிருப்பான்னு நெனச்சேன்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இறந்தவரின் மனைவி உள்ளே வந்தாள். கையெழுத்தில்லாத காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். அழவில்லை.

"ப்ளோயர் கதவு இங்கேருந்து எத்தனை எட்டு சார்?"

ஆபரேட்டர்தான் சொன்னார்: "பத்து எட்டு இருக்கும்மா."

"உள்ள இருக்கியான்னு ஒரு குரல் கொடுத்திருந்தா, இருக்கேன்னு சொல்லியிருப்பாரே."