கடைசிப் படியின் ஓரத்து இடம்

அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் கல் வெட்டி எடுத்த பள்ளம் அது. பிறகு சரிவில் கல்லாலேயே படிகள் அமைத்துப் பார்வையாளருக்கு ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த சமதளத்தை மேடையாக்கியிருந்தார்கள். விளக்கு கிடையாது. நாடக விழாவுக்குச் சூரியன்தான் விளக்கு. அது அணைவதற்குள் கதாநாயகன் செத்தாக வேண்டும்.

அவளுக்கு நாடகம் என்றாலே கொட்டாவி வரும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து "ம்", "ஊஹும்" தாண்டிப் பேசாத கணவன், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "விழாவுக்கு வாலண்டியரா போகலாமா? ஜோடியாத்தான் எடுப்பாங்க" என்று கேட்டான். ஜோடி என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததே அவளுக்குப் போதும். கரும்பு தின்னக் கூலியா என்று கிளம்பிவிட்டாள்.

வாசலில் கழுத்தில் விசிலோடு ஒரு பெரியவர் நின்றார். விசில்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இருவருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் மேல்கோட்டு கொடுத்தார்.

"ரெண்டு கோட்டு உள்ள போகுது, ரெண்டு கோட்டு வெளிய வரணும். சாயங்காலம் எனக்கு முகம் தெரியாது. கோட்டை எண்ணித்தான் கதவைப் பூட்டுவேன்." பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போன விழாவுக்கும் வந்தீங்கல்ல? ரொம்ப இளைச்சுட்டீங்களேம்மா."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஆள் மாத்திப் பார்க்கறாரு," என்றான் கணவன், நடந்துகொண்டே. "போன தடவை நான் தனியாத்தான் வந்தேன்."

ஜோடியாக மட்டுமே எடுப்பார்கள் என்றவன் தனியாக எப்படி வந்தான்? அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் பையை அவனே வாங்கித் தூக்கிக்கொண்ட மிதப்பில் இருந்தாள்.

வேலை பெரிதொன்றுமில்லை. நாடகத்துக்கு முன்பு கல்படிகளில் குஷன் போட வேண்டும். முடிந்ததும் பொறுக்கிச் சாக்கில் கட்ட வேண்டும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விசில்காரர் இரண்டு தடவை சொன்னார். "மேல கடைசிப் படி ஓரத்துல ஒரு குஷன் கிடக்கும். அதை எடுக்காதீங்க. எடுத்தா மறுநாள் அங்கயேதான் கிடக்குது. நாங்களும் விட்டுட்டோம்."

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்தது. சூரியன் பள்ளத்தின் விளிம்புக்குப் பின்னால் இறங்க, நிழல் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. மனிதர்கள் போன பிறகு கல்லுக்கென்று ஒரு வாசனை வருகிறது. ஈரமும் தூசியும் கலந்த வாசனை. இருவரும் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டே கடைசிப் படிக்கு வந்தார்கள்.

"சாக்கு பத்தல. கீழ போய் இன்னொண்ணு எடுத்துட்டு வரேன்," என்றான். "நீ ஓரமா இப்படி உட்காரு."

"இங்கயா? இதைத்தானே எடுக்கக் கூடாதுன்னாரு?"

"எடுக்கத்தானே கூடாதுன்னாரு. உட்காரக் கூடாதுன்னா சொன்னாரு?" அவன் சிரித்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பார்த்த முதல் சிரிப்பு. "கோட்டைக் கழட்டிக் கொடு, புழுங்குது பாரு. எனக்கு இடம் பிடிச்சு வை. வந்து ரெண்டு பேருமா கொஞ்ச நேரம் உட்காரலாம்."

அவள் வெட்கத்தோடு உட்கார்ந்தாள்.

"நான் வர்ற வரைக்கும் இருப்பியா?"

"ம்."

"வாயைத் திறந்து சொல்லேன்."

"இருக்கேங்க. போயிட்டு வாங்க."

அவன் இறங்கினான். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

குஷன் சூடாக இருந்தது.

வெயில் பட்ட சூடு என்று நினைத்தாள். ஆனால் சுற்றியிருந்த கல் சில்லிட்டுக் கிடந்தது.

பிறகு அந்த வாசனை வந்தது. மல்லிகைப் பவுடர். வீட்டு அலமாரியின் அடித்தட்டில் அவன் மடித்து வைத்திருக்கும் ஒரு சால்வையில் இதே வாசனைதான். அக்காவுடையது என்று சொல்லியிருந்தான்.

அவள் தோளோடு ஒரு தோள் இடித்தது.

"என்கிட்டயும் இடம் பிடிச்சு வைன்னுதான் சொன்னான்," என்றது ஒரு பெண்குரல், காதுக்குள். "என் கோட்டும் அவன் கையில. வெளிய பேச்சு சுவாரசியத்துல மறந்துட்டான். கதவைப் பூட்டிட்டாங்க."

"யாரு?"

"உன் வீட்டுக்காரன்தான்."

அவள் எழப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லாதது போலிருந்தது.

"நீ இருக்கேன்னு சொல்லிட்ட. இனி நான் எழுந்துக்கலாம்."

பக்கத்தில் இருந்த கனம் விலகியது. படிகளில் காலடி ஓசை இறங்கிக்கொண்டே போனது.

கீழே கணவன் அவளுடைய மஞ்சள் கோட்டை விரித்துப் பிடித்து நின்றான். யாரோ கை நுழைத்துக்கொள்ள வசதியாக. கோட்டு மெல்ல உப்பி, தோள் வைத்து, ஆளாக நின்றது.

அந்தப் பள்ளத்தில் மேடையில் பேசும் பேச்சு கடைசிப் படிவரை தெளிவாகக் கேட்கும். அதுவும் கேட்டது.

"ரொம்ப நாள் காக்க வெச்சுட்டேன், இல்ல?" என்றான், அவளிடம் ஒரு நாளும் பேசியிராத குரலில்.

அவள் கத்தினாள். தொண்டை வலிக்கக் கத்தினாள். அங்கிருந்து கீழே எதுவும் கேட்காது போலும். பயம்கூடப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். ஒரு சிரிப்புக்கும் ஒரு பை தூக்கியதற்கும் இப்படி மயங்கினோமே, பாவி, கூட்டிக்கொண்டு வந்ததே இதற்குத்தானே என்று நெஞ்சு எரிந்தது.

"ரெண்டு கோட்டா?" என்றார் விசில்காரர்.

"ரெண்டுதான்."

கதவு பூட்டும் ஓசை கேட்டது.

அடுத்த விழாவுக்கு ஒரு புது ஜோடி வந்தது. சாயங்காலம் அந்தப் பையன் எதற்கோ கீழே போகும்போது, "செல்லம், இங்கயே இரு, ஒரே நிமிஷம்," என்று சொல்லிவிட்டுப் போனான். கெட்டவனாகத் தெரியவில்லை. மறதிக்காரனாகத் தெரிந்தான். கால் வலித்த அந்தப் பெண் ஓரத்துக் குஷனைத் தட்டிவிட்டு உட்காரக் குனிந்தாள்.

இவள் சும்மா இருந்திருந்தால் போதும். அந்தப் பெண் உட்கார்ந்து, "இருக்கேன்" என்று கீழே பார்த்து ஒரு குரல் கொடுத்திருப்பாள். இவள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

எந்த வீட்டுக்கு?

அந்தப் பெண்ணின் காதோரம் குளிர்ந்த மூச்சு பட்டது.

"இங்க ஆள் வருதுங்க."

அந்தப் பெண் விழுந்தடித்துப் படிகளில் இறங்கி ஓடினாள். கையில் இருந்த குஷன்கள் உருண்டன. மேலே ஓரத்துக் குஷனின் நடுவில், யாரோ உட்கார்ந்திருப்பது போல ஒரு பள்ளம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், இன்னொருவர் உட்காரும் அளவுக்கு, கல் தூசியில்லாமல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

இவள் கணவனுக்கு நாடகம் என்றால் உயிர். எப்படியும் வருவான்.