ஏழு பேர் உட்காரும் வண்டி

"நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏழு சீட் எதுக்கு? அதை மட்டும் சொல்லு!"

கணவன் கேட்டபோது அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

சாப்பாட்டு மேசையில் இரண்டு கார்களின் வழவழப்பான விளம்பரப் புத்தகங்கள் கிடந்தன. இரண்டுமே ஹைப்ரிட். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். ஒன்று, ஐந்து பேர் உட்காரும் தாழ்வான வெள்ளைக் கார். கணவனின் மனசு முழுக்க அதன்மேல்தான். மற்றது மூன்று வரிசை இருக்கைகளோடு உயரமாக நிற்கும் சாம்பல் நிற வண்டி. பழைய கார் நடுரோட்டில் படுத்துவிட, அதை விற்றுத் தள்ளியதிலிருந்து மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சுதான்.

"வெள்ளை வண்டி லிட்டருக்கு இருபத்தெட்டு கொடுக்குது. இந்த யானை இருபத்திரண்டைத் தாண்டாது. நிறுத்த இடம் தேடியே பாதி ஆயுசு போயிடும்!"

"இல்லைங்க... நாலு பேர் வந்தா போனா..."

"யாரு வர்றா?"

அதை மட்டும் அவளால் சொல்ல முடியாதே!

"அவளை ஏன்டா கேட்கிற? என்னைக் கேளு, நான் சொல்றேன்." மாமியார் தேநீர்க் கோப்பையை டக்கென்று வைத்தாள். "பின்பக்க ரூமை ஒழிச்சுப் போட்டிருக்கா, பார்த்தியா? தையல் மெஷின் வராந்தாவுக்குப் போயாச்சு. புதுசா ரெண்டு மெத்தை. போன் வந்தா மொட்டை மாடிக்கு ஓடறா. அவங்கம்மாவைக் கொண்டாந்து இங்கேயே வெச்சுக்கத் திட்டம்டா! அம்மா வந்தா, அவளைப் பார்க்க அண்ணன் குடும்பம் வரும். அதுக்குத்தான் ஏழு சீட்டு!"

"அத்தை, அப்படியெல்லாம்..."

"பேசாதே! என் மகனோட உழைப்புல உன் பிறந்த வீட்டை ஊர்வலம் கூட்டிட்டுப் போகலாம்னு நினைப்பா?"

பதினொரு வயது மகள் தலையைக் குனிந்தபடி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் எழுந்து மகளின் தண்ணீர்ப் புட்டியை நிரப்பி மூடினாள். தானும் வேலைக்குக் கிளம்பினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வருகிறவர்களுக்கு வலிக்காமல் ரத்தம் எடுப்பாள் என்று நல்ல பெயர் அவளுக்கு.

அந்தக் கூடத்துக்குத்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் நாத்தனாரின் போன் வந்தது.

"அண்ணி... அவர் கை நீட்டறார் அண்ணி. இன்னைக்கு நேத்து இல்ல, மூணு வருஷமா. பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடிஞ்சதும் வந்துடறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க! அண்ணன்கிட்டயும்தான். என் வீட்டுக்காரருக்குத் துளி வாசனை தெரிஞ்சாக்கூட எங்களை வெளிய விட மாட்டார். சத்தியம் பண்ணுங்க அண்ணி!"

அவள் சத்தியம் செய்தாள். மாமியாருக்கு மாப்பிள்ளை என்றால் உயிர். சொன்னால் அடுத்த நிமிஷமே அவனுக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசுவாள். கணவனோ சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிடுவான். இரண்டுமே ஆபத்து.

ஆகவே வாயை மூடிக்கொண்டு அறையை ஒழித்தாள். நாலு பேரோடு இன்னும் மூன்று பேர். எங்கே போனாலும் எல்லோரும் ஒரே வண்டியில் போக வேண்டும். அடிபட்டு வருகிறவளிடம் யாரும், 'நீ அடுத்த நடையில வா' என்று சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசை.

பத்து நாளைக்கு முன் அவளுடைய அம்மாவும் கூப்பிட்டிருந்தாள். "கண் ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு பதினஞ்சு நாள் உன்கூட இருக்கட்டுமா கண்ணு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப வேணாம்மா..." என்றாள். "சரிம்மா, உனக்கு அங்க என்ன சங்கடமோ" என்று அம்மா வைத்துவிட்டாள். அந்தக் குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை காலை எல்லோரும் கார் விற்பனையகத்துக்குப் போனார்கள். முதலில் வெள்ளைக் காரை ஓட்டினார்கள். கிளம்பியதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனது. கணவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "இதையே முடிச்சிடலாம்மா!" என்றான்.

"அதையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

"விட மாட்டாளே!" என்று முணுமுணுத்தபடி மாமியார் சாம்பல் வண்டியின் நடுவரிசையில் ஏறினாள். பக்கத்தில் அவள். மகள் கடைசி வரிசைக்குப் போனாள். வழுக்கைத் தலை விற்பனையாளர் முன்னால் உட்கார்ந்து பேட்டரியின் பெருமைகளை ஒப்பிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது தெருவில் திரும்பும்போது அவள் போன் அடித்தது.

"அண்ணி... பரீட்சை வரைக்கும் பொறுக்க முடியலை அண்ணி... பிள்ளைங்களோட உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்..."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாரு? உங்கம்மாவா? வந்து இறங்கியாச்சா?" என்றாள் மாமியார்.

"என்னங்க, வண்டியை பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்க."

"என்ன விளையாடறியா? இது நம்ம வண்டி இல்ல..."

"கேள்வி கேட்காதீங்க! விடுங்கன்னா விடுங்க!"

பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவள் குரல் அப்படி உயர்ந்ததில்லை. கணவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினான்.

பஸ் ஸ்டாண்டு வாசலில், தூணோரமாக, நாத்தனார் நின்றிருந்தாள். உதடு வீங்கியிருந்தது. சிறப்பு வகுப்பு என்று சொல்லிக் கூட்டி வந்ததுபோல், பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். முதுகில் புத்தகப் பைகள்; ஜிப் மூடாத வாய் வழியாகத் துணிகள் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"பார்த்தியாடா, நான் சொன்னேன்ல, அவங்க..." என்று ஆரம்பித்த மாமியாரின் வாய் அப்படியே நின்றது. கதவைத் திறக்கும் பிடி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கைகள் கதவு முழுக்கத் தடவின. "ஐயோ... என் பொண்ணு! என் பொண்ணுடா அது!"

விற்பனையாளர் இறங்கி நின்றார். "நீங்க ஏறுங்கம்மா. நான் நடந்து போய்க்கறேன்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

ஏழு பேரோடு வண்டி கிளம்பியது. பேட்டரியில் ஓடியதால் என்ஜின் சத்தமே இல்லை. அழுகை எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னேனேம்மா! போன வருஷம் கொஞ்சமா சொன்னேன். நீ என்ன பண்ணின? 'மாப்பிள்ளை, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க'ன்னு அவருக்கே போன் போட்ட. அதுக்கப்புறம் எனக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?" நாத்தனார் விம்மினாள். "அதான் அண்ணிகிட்ட சத்தியம் வாங்கினேன். ரூமை ஒழிச்சு வெச்சுட்டேன், தைரியமா வான்னு அவங்கதான் தினமும் சொன்னாங்க..."

மாமியாரின் கைப்பையில் போன் அடித்தது. 'மாப்பிள்ளை' என்று எழுத்து மின்னியது. மாமியார் அதையே வெறித்துப் பார்த்தாள். பிறகு எடுத்துப் பேசினாள்.

"என் பொண்ணு என்கிட்டதான் இருக்கா. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதே."

வீட்டில் எல்லோரையும் இறக்கிவிட்டுக் கணவன் வண்டியைத் திருப்பித் தரப் போனான். மாமியார் பின்பக்க அறை வாசலில் வெகுநேரம் நின்றாள். புது மெத்தைகள், பிள்ளைகள் எழுத ஒரு சின்ன மேசை, ஜன்னலுக்குத் துவைத்துப் போட்ட திரை... பிறகு மெல்லச் சமையலறைக்கு வந்தாள்.

"என்னை மன்னிச்சிடும்மா... உன்னைப் போய் என்னவெல்லாம் பேசிட்டேன்! நீ மனுஷியே இல்ல, தெய்வம்..."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"தெய்வமெல்லாம் வேண்டாம் அத்தை. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். உங்க பொண்ணுக்காகச் செஞ்சேன், அதனால நல்லவளாயிட்டேன். நீங்க நினைச்ச மாதிரி எங்கம்மாவுக்காகச் செஞ்சிருந்தா? அது அவ்வளவு பெரிய தப்பா?"

மாமியார் சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, பதினஞ்சு நாள் இருக்கட்டுமான்னு கேட்டாங்க அத்தை. பெத்த அம்மாவை நான்... வர வேண்டாம்னு சொன்னேன். உங்க பொண்ணுக்கு ரூம் வேணுமேன்னுதான். காரணத்தைக்கூடச் சொல்ல முடியலை. அவங்க என்ன நினைச்சாங்களோ!"

திரும்பி வந்த கணவன் வாசற்படியில் நின்று இதைக் கேட்டான். பெரிய வண்டிக்கே சொல்லிவிட்டு வந்திருந்தான். மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம். அதைச் சொல்ல வந்தவன், கையிலிருந்த ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சம்பந்தியம்மா நம்பரைப் போடு. நானே பேசறேன்."

"அத்தை..."

"போடும்மா. என் ரூம்ல இன்னொரு கட்டில் போட இடம் கிடக்கு."

அவள் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி நீட்டினாள். மணி போனது. "நான் உங்க சம்பந்தி பேசறேன்" என்றாள் மாமியார்.

அந்தப் பக்கத்திலிருந்து பதறிய குரல் வந்தது. "சொல்லுங்கம்மா... அவ ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா? சின்னப் பொண்ணு, நீங்கதான் பொறுத்துக்கணும்..."

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டிலிருந்து போன் போனால் அந்த அம்மாளுக்கு முதலில் வருவது இந்தப் பயம்தானா!

"இல்லம்மா... உங்க பொண்ணு ஒரு தப்பும் பண்ணலை. எல்லாம் என் தப்பு. நீங்க கிளம்பி வாங்க. கண்ணு நல்லா ஆகிற வரைக்கும் இங்கேயே இருங்க... என் மகன் வந்து கூட்டிட்டு வருவான்."

மூன்று வாரமாக எத்தனை ஏச்சுக்கும் கலங்காத அவளுடைய கண்கள் அப்போதுதான் நிரம்பி வழிந்தன. "அம்மா!" என்று வாய்விட்டு அழுதாள். மாமியார் போனைக் கீழே வைக்காமலே மறு கையால் அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.