குளிர் அறைக்குள் வெக்கை

2013 மாசி மாதம் ஒரு காலை, பத்து மணி. பிரான்சில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள ஒரு பழைய கட்டடத்துக்குள் வழக்கம்போல் வேலைக்குப் போனேன். சட்டைப்பையில் புதிதாகக் கிடைத்த பத்து வருட விசாக் காட் இருந்தது. சாப்பாட்டுக்கடை முதலாளி யோகராணி அக்கா கேசரி கிண்டி வைத்திருந்தார். காட் எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்தத் தெருவில் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை.

நானே சொல்லிவிடுகிறேன். வெட்கங்கெட்டவன் என்று நினைப்பீர்கள், அது உண்மைதான். யுத்தம் முடிந்தபோது நான் கொழும்பில் மாமாவின் கடையில் பெயின்ற் விற்றுக்கொண்டிருந்தேன். என் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. இங்கே வந்து போட்ட முதல் அகதி கேஸை நிராகரித்துவிட்டார்கள்.

எங்கள் கடையில் கோப்பை கழுவியவன் ஹப்தோம், எரித்திரியாக்காரன். அவன் நாட்டில் படைச்சேவைக்குப் பிடித்தால் விடுவதே இல்லை. எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறான். அந்த ஒரு கேள்விக்காக, வழக்கும் இல்லாமல், பாலைவனத்தில் ஓர் இரும்புக் கொன்ரெய்னருக்குள் எட்டு மாதம் அடைத்தார்கள். உள்ளே இருபது பேர். பகலில் சுவரில் முதுகு பட்டால் தோல் உரியும். ஓர் ஆணி ஓட்டையில் முறைவைத்து மூச்சு எடுத்தார்களாம். சாப்பாட்டு நேரத்தில், அரைகுறை பிரெஞ்சில், என்னை நம்பிச் சொன்னான்.

அதை அப்படியே வன்னியில் நடந்ததாக்கி, என் பெயரில் எழுதிக் கொடுத்தேன். மேல்முறையீட்டில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஹப்தோமின் விசாரணை. இந்த ஆணி ஓட்டைக் கதை கைமாறித் திரிகிறது, முன்பே கேட்டுவிட்டோம் என்று அவனை மறுத்துவிட்டார்கள். தன் கதை தனக்கு முன்னால் எப்படிப் போனது என்று என்னிடம்தான் வந்து கேட்டான். நான் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் தப்பியிருப்பான். எனக்குக் காட் வந்திராது. நான் வெங்காயம் உரித்தேன். அவன் இங்கிலாந்துக்குப் போகப் பார்த்து, கலே துறைமுகப் பக்கம் ஒரு லொறிப் பெட்டிக்குள் மூச்சுமுட்டிச் செத்தான்.

காட்டோடு வேலைக்குப் போன அன்று காலை, கேசரி வாயில் இருக்கும்போதே, கரட் எடுக்க நிலவறைக்கு இறங்கினேன். குளிர் அறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். மெதுவாக, அவசரமே இல்லாமல்.

கதவைத் திறந்தேன்.

வெக்கை முகத்தில் அடித்தது. காய்ந்த இரும்பின் மணம். வேர்வை மணம்.

உள்ளே யாரும் இல்லை.

என் காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று.

பெட்டியில் இருந்த கரட் எல்லாம் வெந்து போயிருந்தது.

மேலே வந்ததும் யோகராணி அக்கா என்னையே பார்த்தார்.

"என்ன வாமதேவன், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?"

சொல்லியிருக்கலாம். குளிர் அறை பழுது என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கடையை விட்டுவிட்டேன். புறநகரில், கார்ஜ் லே கொனெஸில் வீடு எடுத்தேன், கல்யாணம் கட்டினேன், விசாக் காட்டையும் புதுப்பித்தாயிற்று. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் ஆறு வயது மகள் நிரோஜினி படுக்கையறை அலுமாரியில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. அன்று தமிழில் கிசுகிசுத்தாள்.

"பப்பா, உள்ளுக்கை ஒரு மாமா நிக்கிறார். தன்ரை பேரும் வாமதேவனாம். மூச்சு விட ஏலாதாம். திறக்கட்டோ?"

திறக்க வேண்டாம் என்றேன்.